பொருந்துகின்ற பாகமும் உரிய பாகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்களைப் பற்றி எழுதப் புகுகின்றவர்கள் அநேகமாக அனைவரும் மண்ணெண்ணெயில் தொடங்கி மண்ணெண்ணெயிலேயே முடித்துவிடுகிறார்கள். 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் குடாநாட்டின் மீது விழுந்த பொருளாதாரத் தடையும், பெட்ரோல் இல்லாமற் போனதும், சிறு போத்தல் ஒன்றில் பத்திரப்படுத்திய சில துளி பெட்ரோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டதும், வீதியெங்கும் பரவிய அந்தப் புகையும் மணமும் இன்று புலம்பெயர்ந்தோரின் நினைவுக் கட்டுரைகளில் நிலையான இடத்தைப் பிடித்துவிட்டன. அவை யாவும் உண்மையே. ஆனால் எஞ்சினை இயங்கச் செய்தது கதையின் ஒரு பாதி மட்டுமே. அந்த ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் நிலத்துக்கு மேலே தாங்கி நின்ற வில்லுகளும், புஷ்களும், முன் சில்லுகளைப் பிடித்திருந்த பூட்டுகளும் எங்கிருந்து வந்தன என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கின்ற பதில் பெருமைக்குரியது. அதே சமயம் இன்றைய நிலையில் சற்றுக் கவலைக்குரியதும் ஆகும்.

பெருமைக்குரிய பகுதியை முதலிற் சொல்லிவிடுகிறேன். தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு ஆகியவற்றோடு வாகன உதிரிப்பாகங்களும் இருந்தன. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, கிளாலிக் கடனீரேரியைப் படகில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு மக்கள் கடந்த காலம் அது. ஒரு காரின் முன்வில்லை யார் படகில் ஏற்றி வருவார்கள்? ஆகவே குடாநாட்டின் கராஜ்களும் கொல்லர் பட்டறைகளும் கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர்களும் தாமே உதிரிப்பாகத் தொழிற்சாலைகளாக மாறினர். லொறியின் உடைந்த வில்லுத்தகடு வெட்டப்பட்டு, உலையிற் பழுக்கக் காய்ச்சி வளைக்கப்பட்டு, காரின் பின்புற வில்லாக மறுபிறவி எடுத்தது. தேய்ந்துபோன இறப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகப் பழைய லொறி ரயரிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த துண்டு அமர்ந்தது. வேறு ஏதோவொரு இயந்திரத்தின் தண்டு கடையப்பட்டுச் சக்கிள் ஆணியாயிற்று. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மரக்கறியும் தேங்காயும் மனிதரும் ஒன்றாய்ப் பயணம் செய்த தட்டிவான்களின் வில்லுகளை எத்தனை தடவை எத்தனை பேர் காய்ச்சி வளைத்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, ஐந்து பேருக்கென ஆக்கப்பட்ட கார்கள் வயோதிபரையும் நோயாளரையும் மூட்டை முடிச்சுக்களையும் சுமந்துகொண்டு அந்தக் கூட்டத்தோடு ஊர்ந்தன. அவற்றைத் தாங்கியவை இத்தகைய வில்லுகளே. செய்தி சேகரிக்கப் போன நாட்களில் இப்படியான வாடகைக் கார்களில் நானும் பல நூறு மைல் போயிருக்கிறேன். சாரதிகள் குழி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்குமளவுக்கு அறிந்து வைத்திருந்தார்கள்.

1962 முதல் அமெரிக்கத் தடைக்கு உள்ளான கியூபாவின் பழைய செவ்றலெற் கார்களை உலகம் படம் பிடித்துக் கொண்டாடுகிறது. அங்கே உதிரிப்பாகத்துக்குச் சோவியத் லாடாவாவது இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு அதுவும் இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சாள்ஸ் வெயார் என்பவர் 1976இல் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். காரை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதிலும் பார்க்க, நல்ல பாகங்களைத் தொடர்ந்து மாற்றி அதே காரை நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவருடைய கொள்கை. அதற்கு வேண்டிய உடற்தகடுகள் முதலான பாகங்களைச் செய்வதற்கு அவர் 1990களில் கூட்டுச் சேர்ந்த இடம் வேறெதுவுமல்ல, இலங்கை! ஒரே தீவில், ஒரு பகுதியில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மறு பகுதியில் அதே காரின் சொந்தக்காரர் ஒரு புஷ்ஷுக்காக லொறி ரயரை வெட்டிக்கொண்டிருந்தார். நமது அரசியலின் கோணலை விளக்குவதற்கு இதனிலும் எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இனிக் கவலைக்குரிய பகுதி. தடைக்காலத்து வேலைகள் ஓரளவுக்கேனும் தாக்குப் பிடித்ததற்குப் பட்டறைகளின் கைத்திறன் மட்டும் காரணமல்ல. மண்ணெண்ணெயில் ஓடிய கார் வேகமெடுக்காது. குண்டும் குழியுமான வீதியும், சோதனைச் சாவடிகளும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. மணிக்கு இருபது மைல் வேகத்தில் முன்சில்லு ஒன்று கழன்றால் கார் ஒரு பக்கம் சரிந்து நின்றுவிடும்; உள்ளேயிருப்பவர் இறங்கிச் சாரதியைத் திட்டிவிட்டு நடந்து போவார். ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டு, அதற்கடுத்த ஆண்டுகளில் அதுவும் குடாநாட்டின் பிரதான வீதிகளும் காப்பற் வீதிகளாக மாறின. இன்று அதே பழைய கார், பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, வழுக்குகின்ற தார்ப்பரப்பில் ஐம்பது மைல் வேகத்தில், கடுகதி பஸ்களுக்கும் ஹைஏஸ் வான்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே ஓடுகிறது. திருமண வீட்டுக்காக மாலை கட்டி அனுப்பப்படுகிறது. வீதி மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது. உதிரிப்பாகத்தைப் பற்றிய நம்முடைய சிந்தனை மட்டும் 1992இலேயே நின்றுகொண்டிருக்கிறது. ‘பொருந்துகிறதா, போடு’ என்பதே இன்றும் விதி.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டன் காட்சியில் வெளிவந்த கார் அது. பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் காரும் அதுவே. குடாநாட்டின் ஆசிரியர்களும் டாக்டர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் அதனை ஒரு குடும்ப அங்கத்தவராகவே கருதினார்கள். அதன் முன்புறத்தில் சுருள்வில்லோ தகட்டு வில்லோ கிடையாது; காரின் நீளவாட்டில் கிடக்கும் இரண்டு உருக்குத் தண்டுகள் முறுகி விடுபடுவதன் மூலமே குலுக்கலை ஏற்கின்றன. ஒவ்வொரு முன்சில்லும் நிமிர்ந்து நிற்கின்ற ஒரு கிங்பின்னில் தாங்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிங்பின்னின் மேல் நுனியும் கீழ் நுனியும் மரையிடப்பட்டு, அதே மரை வெட்டிய இரண்டு இணைப்புத் துண்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கின்றன. மெக்கானிக்குகள் இந்தத் துண்டை ‘ரணியன்’ என்பார்கள். ஸ்ரியரிங்கைத் திருப்புகின்ற ஒவ்வொரு தடவையும் இந்த மரை ஒன்றுக்குள் ஒன்று சுழல்கிறது. காரின் முன்பாரமும் கீழ்த் துண்டின் மரையின் மீதே தங்கியிருக்கிறது. ஒழுங்காகக் கிறீஸ் அடித்தால் பல்லாண்டு உழைக்கும். கிறீஸ் அடியாவிட்டால் மரை தேயும். தேய்ந்து மெலிந்த மரை ஒரு நாள், பெரும்பாலும் முழுவதுமாகத் திருப்புகின்ற ஒரு முடக்கில், வழுவிவிடும். சில்லு மடங்கிக் காரின் மூக்கு நிலத்தில் மோதும். பழைய மொறிஸ் மைனர் ஓட்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள், தாம் கண்டதையோ கேட்டதையோ சொல்வார்கள்.

இந்தச் சிறு துண்டில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை வேறு. ஒன்று வலமரை, மற்றது இடமரை. ஒரு பக்கத்துக்குரியதை மறுபக்கத்துக்குப் போட முடியாது. தேய்ந்துபோன மரைக்குப் பொருந்துமாறு ஒரு கடைசற்காரர் புதிதாக ஒன்றை வெட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும்? இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. தேய்ந்த பாகத்தை அளந்து செய்கின்ற பிரதி, தேய்வையும் சேர்த்தே பிரதி செய்கிறது. நாற்பதாண்டு உழைத்த ஆணியின் குறுக்களவு அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த அளவல்ல. களைத்துத் தாழ்ந்துபோன வில்லின் வளைவைப் பார்த்து இன்னொரு வில்லைச் செய்தால், பிறக்கும்போதே களைத்த ஒரு வில்லு கிடைக்கும். அத்துடன் உருக்கின் தன்மை என்றொன்று இருக்கிறது. மூலப் பாகம் எந்த வகை உருக்கில் ஆனது, எவ்வாறு பதமிடப்பட்டது என்பதைக் கலிப்பர் அளவுகோல் சொல்லாது. உலையிற் பழுக்கக் காய்ச்சி வளைத்து, சும்மா ஆறவிட்ட வில்லுத்தகடு பார்வைக்கு அழகாக இருக்கும். பாரம் ஏறியதும் சில மாதங்களில் மறுபடியும் தட்டையாகிவிடும். அளவு தெரியாமல் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்துக் கடினமாக்கிவிட்டு, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்காமல் விட்டால், கண்ணாடி போல வெடிக்கும். இந்தப் பதத்தைக் கண்ணாலும் நிறத்தாலும் அறிந்த கொல்லர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் காலமாகிவிட்டனர். அந்த அறிவைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளோ ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேறு வேலை பார்க்கிறார்கள்.

மைனரின் முறுகு தண்டுகளுக்கும் பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் உழைத்த தண்டு அந்தத் திசையிலேயே முறுகிப் பழகிவிட்டது. கழற்றி வைத்தபோது எது இடம், எது வலம் என்று மறந்துபோய் மாற்றிப் பூட்டினால் அது எதிர்த்திசையில் முறுகத் தொடங்கும். முறிவுக்கு அது ஒரு நேர்வழி. கழற்றும்போதே ஒரு துளி நிறப்பூச்சு இட்டு அடையாளம் வைப்பதற்கு ஐந்து சதமும் செலவாகாது.

உரிய பாகம் எது என்பதை அறிவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ‘ஒஸ்ரினுக்கு ஒரு சோடி முன் புஷ்’ என்று கேட்கின்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எந்த ஒஸ்ரின்? ஏ40 என்ற பெயரிலேயே 1947இல் டெவன், 1952இல் சோமசெற், 1958இல் பரீனா என்று வெவ்வேறு கார்கள் வந்தன. கேம்பிரிட்ஜ் என்ற பெயரில் 1954இல் வந்த வட்டமான காரும் 1959இல் வந்த வால்நீண்ட காரும் ஒன்றல்ல. அதே சமயம், வெவ்வேறு பெயர் பூண்ட கார்கள் உள்ளே ஒன்றாக இருப்பதும் உண்டு. 1959க்குப் பிந்திய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் ஐந்தாம் ஆறாம் தொடர்களும், அக்காலத்து வூல்ஸ்லி 15/60, எம்.ஜி. மக்னெற் ஆகியனவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். முகப்பும் பெயர்த்தகடும் வேறு. அடிப்பாகம் பெரும்பாலும் ஒன்று. ஒஸ்ரின் என்ற பெயரில் மட்டுமே தேடுகிறவர், வூல்ஸ்லி என்று எழுதிய பெட்டிக்குள் தமக்குரிய பாகம் கிடப்பதை அறியாமல் திரும்பி வருவார். மைனரின் அடித்தளத்தைக் கொண்டே வூல்ஸ்லி 1500ம் ரைலி 1.5ம் ஆக்கப்பட்டன என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

சிலர் இலக்கத் தகட்டைக் கொண்டு காரின் வயதைச் சொல்லிவிடுவார்கள். ‘ஒன்று ஸ்ரீ’ என்றால் இன்ன ஆண்டு என்று கணக்கு வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அந்தச் ‘ஸ்ரீ’க்கு நமது அரசியல் வரலாற்றில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 1957இல் சிங்கள எழுத்து இலக்கத் தகட்டுக்கு வந்ததும், தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துத் தமிழ் எழுத்தைப் பொறித்ததும், தேசியமயமாக்கப்பட்ட போக்குவரத்துச் சபையின் பஸ்கள் 1958இல் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது மூண்டவையும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இலக்கத் தகடு, கார் இங்கே பதிவான காலத்தையே காட்டும். தொழிற்சாலையில் எப்போது, எந்த வகையாகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது எஞ்சின் அறைக்குள் அடிக்கப்பட்டிருக்கும் சிறிய உலோகத் தகடு. மைனர் 1000 காலத்துத் தகட்டில் முதல் எழுத்துக்கள் மொறிஸ் என்பதையும், எஞ்சின் வகையையும், அடுத்தவை இரண்டு கதவா நான்கு கதவா என்பதையும், பின்வரும் இலக்கம் எந்தத் தொடர் என்பதையும் காட்டுகின்றன. நிறப்பூச்சு மேல் நிறப்பூச்சு அடித்து மறைந்துபோன அந்தத் தகட்டைச் சுரண்டிப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறவருக்குத்தான் உரிய பாகம் அகப்படும். தகட்டைப் பூச்சின்கீழ் புதைத்துவிட்டு, காருக்கு மட்டும் கண்ணாடி போல மினுக்கம் ஏற்றி வைத்திருப்பவர்களைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

இந்தியாவைப் பற்றிய ஒரு பிழையான நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் கார், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் தொடரின் வழித்தோன்றல். ஆகவே அந்த ஒக்ஸ்போர்ட்டை வைத்திருப்பவருக்குச் சென்னை ஒரு பொக்கிஷம். ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பொறுமையோடு தேடினால் பல பாகங்களை ஒப்பிட்டு வாங்கலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் பறக்கத் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்த பின்னர் இது எட்டாத தூரமும் அல்ல. ஆனால் ‘அம்பாசடர் எஞ்சினும் கேம்பிரிட்ஜ் எஞ்சினும் ஒரே குடும்பம், ஆகவே அடிப்பாகமும் பொருந்தும்’ என்று நம்பிக் கேம்பிரிட்ஜுக்கும் அங்கேயே வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் உறவு உண்மை. முன்சில்லுப் பகுதியில் அந்த உறவு இல்லை. அம்பாசடரின் முன்புறம் முறுகு தண்டில் நிற்பது. கேம்பிரிட்ஜின் முன்புறம் சுருள்வில்லில் நிற்பது. வாங்கியதை எப்படியாவது பொருத்திவிடுவதற்கு வெல்டிங்காரர் ஒருவர் கிடைத்துவிடுவார் என்பதே இதிலுள்ள ஆபத்து.

அக்காலத்து பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. குலுக்கலைத் தணிக்கின்ற சொக் அப்சோபர், இன்றைய கார்களில் உள்ளது போன்ற குழாய் வடிவினதல்ல. எண்ணெய் நிரம்பிய ஒரு வார்ப்புப் பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக அது அமைந்திருக்கும். மைனரிலும் கேம்பிரிட்ஜிலும் முன்புறத்தில் அந்தக் கையே சில்லை மேலே பிடித்திருக்கும் இணைப்பாகவும் வேலை செய்கிறது. எண்ணெய் ஒழுகிவிட்டது என்பதற்காகப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் சொக் அப்சோபரை வெல்டிங் செய்து மாட்டுவது, சில்லின் மேற்பூட்டையே நீக்குவதற்கு ஒப்பாகும். ஒழுகுகின்ற பெட்டிக்குள் கையில் அகப்பட்ட பிரேக் எண்ணெயையோ எஞ்சின் எண்ணெயையோ ஊற்றுவதும் கூடாது. அதற்குரிய எண்ணெய் வேறு, அது விலை கூடியதுமல்ல.

‘அப்படியானால் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து பெட்டி திறக்காத புதிய சாமானாக வாங்கச் சொல்கிறீர்களா’ என்று கேட்கலாம். இல்லை. மைனருக்கு மட்டும் பாகங்கள் விற்கும் கடைகள் அங்கே பல இருக்கின்றன; ஆனால் புதிது என்பதனாலேயே ஒரு பாகம் உரியதாகிவிடாது. இன்று புதிதாக வார்க்கப்படும் இறப்பர் பாகங்கள் சில ஆண்டுகளிலேயே வெடிக்கின்றன என்று அந்நாட்டுக் கார்க்காரர்களே முறையிடுகிறார்கள். இதற்கு மறுபுறமாக, அறுபதுகளில் செய்யப்பட்டுப் பாவிக்கப்படாமல் கடை இறாக்கையிற் கிடந்த பழைய சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோரும் உண்டு. உருக்குப் பாகமானால் வாங்கலாம். துருவைத் துடைத்துவிட்டால் அது தங்கம். இறப்பரானால் வேண்டாம். இறப்பர் பெட்டிக்குள் கிடந்தாலும் முதுமையடையும்.

எல்லாப் பாகங்களுக்கும் ஒரே கடுமை வேண்டியதுமில்லை. பின்புற வில்லுத்தகட்டை ஒரு நல்ல பட்டறையில் முறையாக வளைத்துப் பதமிட்டு எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொழும்பிலும் அப்படித்தான் செய்கிறார்கள். சக்கிள் புஷ்ஷை உள்ளூரில் வார்ப்பித்துக்கொள்ளலாம். கதவுக் கைபிடியை வேப்பமரத்திற் செதுக்கிப் பூட்டினாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் முன்சில்லைக் காரோடு பிணைக்கின்ற கிங்பின், அதன் இணைப்புத் துண்டுகள், ஸ்ரியரிங் முட்டுகள் ஆகியவற்றில் கடைசல் பட்டறையின் பிரதிக்கு இடமிருக்கக் கூடாது. இலக்கம் தெரிந்த, பக்கம் தெரிந்த, உரிய உருக்கிற் செய்யப்பட்ட பாகம் கிடைக்கும்வரை கார் கொட்டிலிலேயே நிற்கட்டும்.

இது மெக்கானிக்குகள் மீதான குற்றச்சாட்டு அல்ல. பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ‘நாளை மறுநாள் கலியாண ஓட்டம் இருக்கிறது, எப்படியாவது செய்து தாருங்கள் அண்ணை’ என்று கெஞ்சுகின்ற சொந்தக்காரரே அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குகிறார். வாடகைக்கு ஓடுகின்ற ஒருவருக்குப் பத்து நாட்கள் கார் நிற்பதென்றால் பத்து நாட்கள் வீட்டில் உலை வைப்பது கடினம். அதை நான் அறியாதவனல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் கடந்து, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு காலத்தில் புதிய வாகனத்தின் கதவு அடைக்கப்பட்டிருந்தபடியால் பழைய வாகனங்கள் கொட்டில்களிலிருந்து மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றிற் பல பத்து, இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றவை. அசையாமல் நின்ற காரின் கிறீஸ் கல்லாகியிருக்கும், புஷ்கள் பொடியாகியிருக்கும் என்பதை எஞ்சின் இயங்கிவிட்ட மகிழ்ச்சியில் யாரும் பார்ப்பதில்லை.

அரசாங்கமும் பார்ப்பதில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கின்ற சட்டம் சொந்தக் காரிடம் அதைக் கேட்பதில்லை. 2008இல் ஆரம்பித்த வருடாந்தப் பரிசோதனை, குழாயிலிருந்து வெளிவரும் புகையை மட்டுமே அளக்கிறது. பிரித்தானியாவே 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது கடந்த கார்களைக் கட்டாயச் சோதனையிலிருந்து விடுவித்துவிட்டதே என்று வாதிடலாம். அங்கே அவற்றுக்கு வேண்டிய பாகம் தபாலில் மறுநாள் வந்து சேர்கிறது. விரும்பினால் சோதனைக்கும் கொண்டுபோகலாம். இங்கே முன்சில்லை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து ‘ஆட்டம் இருக்கிறது, ஓட்டாதே’ என்று சொல்வதற்கு அதிகாரமுள்ள ஓர் ஆளாவது வேண்டாமா? யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் மோட்டார்த் தொழில்நுட்பம் கற்பிக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் பழைய கார்களுக்கு இலவசமாக இந்தச் சோதனையைச் செய்தால், மாணவர்களுக்கும் இன்று வேறெங்கும் காணக் கிடைக்காத இயந்திரங்கள் காணக் கிடைக்கும்.

வெளிநாட்டில் இருக்கின்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிற் பலருடைய தகப்பனாரின் கார் இன்னமும் ஊரிலே, மாட்டுக்கொட்டிலுக்கு அருகே, கிடுகு வேலி நிழலில் நிற்கிறது. ஏ9 திறந்த பின்னர் தெற்கிலிருந்து வந்தவர்கள் விலை பேசிக் கொண்டுபோனவை போக எஞ்சியவை இவை. விடுமுறைக்கு வரும்போது அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள், நியாயமான ஆசை. வருவதற்கு முன்னர் ஊரிலுள்ள யாராவது ஒருவரைக் கொண்டு அந்த உலோகத் தகட்டைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்சில்லின் இரு பக்கத்து இணைப்புத் துண்டுகளும், அவற்றின் இறப்பர் வளையங்களும் உங்கள் பயணப்பெட்டியில் ஒரு மூலைக்குள் அடங்கும். சொக்கிலேற்றுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஒதுக்குகின்ற இடத்திற் பாதி போதும். வாங்கும்போது இடம், வலம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்தைக் கிழித்து எறியாமல் மெக்கானிக்கின் கையிற் கொடுங்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் காரோடு வந்த கைநூலோ, பழைய உதிரிப்பாகப் பட்டியலோ, பில்லோ கிடந்தால் அதைப் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஈழத்து ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு இலக்கியச் சஞ்சிகைகளை அனுப்பத் தோன்றுகின்ற நமக்கு, கிறீஸ் படிந்த ஒரு பட்டறைக் கைநூலை அனுப்பத் தோன்றுவதில்லை. தடைக்காலத்தில் வேலை செய்த மெக்கானிக்குகள் சிலர், எந்தக் காருக்கு எந்தப் பாகம் பொருந்தியது, எது பொருந்தியும் முறிந்தது என்று அப்பியாசக் கொப்பிகளிற் குறித்து வைத்திருந்தார்கள். அத்தகைய கொப்பி ஒன்றை ஒரு கராஜின் மேசை லாச்சிக்குள் நான் பார்த்திருக்கிறேன். பென்சிலால் எழுதியது, பாதி அழிந்துவிட்டது. வைத்திருந்தவருக்கு எண்பது வயது. அப்படிப்பட்ட கொப்பிகள் கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ நெல்லியடியிலோ வேறு யாரிடமேனும் இருந்தால், கேட்டு வாங்கிப் படம் பிடித்துவிட்டு, திரும்பவும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கு அது இன்னமும் தேவைப்படும்.